விடை கொடுத்த மாணவி

திங்கட்கிழமைதோறும் அந்தத் தொடக்கப் பள்ளியிலிருந்து வீடுகளுக்கு ஒரு செய்தி மடல் வரும். 'தலைமையாசிரியரின் உள்ளத்திலிருந்து' என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் போன வாரம் நடந்தவை, மறு பக்கம் வரும் வாரம் நடக்க இருப்பவை, இரண்டுக்கும் நடுவில் தலைமையாசிரியரின் சிரித்த முகம். நடந்ததற்கும் மடலில் வந்ததற்கும் எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால், நடந்ததில்தான் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்வது அந்தப் பள்ளியின் வழக்கம்.

மெக்கானிக்குக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்கிற மனிதர் அவர். கெட்டுப்போனதைக் கெட்டுப்போச்சு என்று வாய் திறந்து சொன்னால்தான் அவர் பிழைப்பு ஓடும். அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துப் பழகிய கண் என்பதால் மடலை வாசித்துச் சொல்லும் பொறுப்பு வீட்டில் அவளுடையது. ஒரே மகள் இரண்டாம் வகுப்பு. உருண்டைக் கண்ணும் ஓயாத வாயுமாக இருப்பாள். வீட்டில் அவளைப் பட்டாணி என்பார்கள்.

மடல் சொன்னபடிதான் அந்தக் குடும்பம் எழுந்தது, உடுத்தியது, ஓடியது. நீலச் சட்டை நாள் என்று வந்தால் நீலச் சட்டை. நன்றி சொல்லும் வாரம் என்று வந்தால் வாரம் முழுக்க நன்றி. அதற்கு அடுத்த வாரம், நன்றி சொன்னவர்களுக்கு நன்றி சொல்லும் வாரம். தொலைந்த பொருட்களின் கண்காட்சி என்று ஒன்று நடந்தது. அதில் பட்டாணி தொலைத்த தண்ணீர்ப் பாட்டிலுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற பொருள் பள்ளிக்கே சொந்தம் என்று சொல்லி பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.

ஒருமுறை, முப்பது நாளே உள்ள மாதத்தில் முப்பத்தொன்றாம் தேதி பெற்றோர் கூட்டம் என்று மடலில் வந்துவிட்டது. மெக்கானிக்கும் இன்னும் சிலரும் காலண்டரைப் பார்த்துக் குழம்பி, கடைசியில் யாருமே போகவில்லை. அடுத்த மடலில், முப்பத்தொன்றாம் தேதிக் கூட்டத்தில் பெற்றோர் திரளாகக் கலந்துகொண்டு பள்ளியை வாயாரப் புகழ்ந்தார்கள் என்று செய்தி வந்தது. கூட்டத்தில் எடுத்த முடிவுகளையும் போட்டிருந்தார்கள். காலணியைப் பள்ளிக்கு வெளியே விடவேண்டும் என்பது அதில் ஒன்று. அதை மெக்கானிக்கே முன்மொழிந்ததாகப் போட்டிருந்தது. மழை பெய்த நாட்களில் நனைந்த செருப்பைப் பார்த்துப் பார்த்து மற்றப் பெற்றோர் அவரை முறைத்தார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிதான். ஆனாலும் நடந்து போகிற தூரத்தில் அது ஒன்றுதான் இருந்தது. பட்டாணிக்கு அது உயிர். காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "சீக்கிரம் வாங்கப்பா, மணி அடிச்சுடுவாங்க," என்று அவரை விரட்டுவாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை மெக்கானிக் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மடலை விரித்த மனைவி ஒரே பத்தியை இரண்டு தடவை படித்தாள்.

"என்னங்க, நாம எங்கயாவது போறோமா?"

"எங்க போறது? ஞாயித்துக்கிழமைகூட ரெண்டு வீட்டுல வேலை ஒத்துக்கிட்டிருக்கேன்."

"அதில்ல. ஊரை விட்டே போறோமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வாசித்தாள். "'பிரிவு ஒரு கடல். அதில் ஒரு சிறு தோணி இன்று கரையை நீங்குகிறது. இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு. ஆ, எத்தனை துயரமான பிரிவு. நம் அறிவுச் சுடர் நம்மிடமிருந்து விடை பெறுகிறாள்.' கீழ நம்ம பிள்ளை பேரு. உங்க பேரு. இனிஷியல்கூடத் தப்பில்லாமப் போட்டிருக்கு."

"நம்ம பிள்ளையா?"

"மறு பக்கம் கேளுங்க. 'வெள்ளிக்கிழமை மாலை, விடை பெறும் விழா. பிரியும் மாணவியின் பெற்றோர் தவறாமல் வந்து கண் கலங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'"

உள்ளே பென்சில் சீவிக்கொண்டிருந்த பட்டாணி ஓடி வந்தாள். "என் பேரு போட்டுட்டாங்களா? பொது அறிவுப் போட்டியில நான் எல்லாக் கேள்விக்கும் விடை கொடுத்தேன்ல, மடல்ல போடறேன்னு டீச்சர் சொன்னாங்க. காட்டும்மா."

அவள் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடந்தது என்னவென்று இருவருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததும் மெக்கானிக்குக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலையில் போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தார். பாவம்.

காலையில் வகுப்பு டீச்சரை வராந்தாவிலேயே பிடித்தார். அவரைக் கண்டதும் டீச்சரின் முகம் வெளிறியது.

"தப்பு என் மேலதான் அண்ணே," என்று குரலைத் தாழ்த்தினாள். "'எல்லாக் கேள்விக்கும் விடை கொடுத்த மாணவி'ன்னு எழுதிக் கொடுத்தேன். பேசாம பதில் சொன்னான்னு எழுதியிருக்கணும். பெரிய சார் படிப்பாரேன்னு கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதித் தொலைச்சுட்டேன்."

"பரவாயில்ல டீச்சர். நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தாள். "முப்பத்தொண்ணாம் தேதி விஷயத்துல நாலாம் வகுப்பு டீச்சர் போய் ஒரு வார்த்தை சொன்னாங்க. அடுத்த மடல்ல, அவங்க விருப்ப ஓய்வுல போறதா வந்துச்சு. அவங்களுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல."

"இப்ப என்ன பண்றாங்க?"

"ஓய்வாத்தான் இருக்காங்க."

மெக்கானிக் அலுவலக அறைக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மா, "மடல்ல ஒரு தப்பு வந்திருக்கு," என்று அவர் சொன்னதும், காதில் ஏதோ விழுந்துவிட்டது போலத் தலையைச் சாய்த்தாள்.

"மடல்ல என்ன வந்திருக்கு?"

"தப்பு."

"கருத்துச் சொல்றதுன்னா அதோ பெட்டி இருக்கு."

சுவரில் இரண்டு பெட்டிகள் மாட்டியிருந்தன. ஒன்றில் 'மகிழ்ச்சி' என்றும் மற்றதில் 'மிக்க மகிழ்ச்சி' என்றும் எழுதியிருந்தது. மெக்கானிக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய சாரை நேரில் பார்க்கவேண்டும் என்றார். உட்காரச் சொன்னார்கள்.

அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கான குடிநீர் கூலர் நின்றது. பழக்கதோஷத்தில் அதன் விலாவில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே அசைவே இல்லை. ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் குளிப்பதற்குப் பதமான சூட்டில் இருந்தது.

"இது ஓடவே இல்லம்மா. சும்மாத்தானே உட்கார்ந்திருக்கேன், பின்பக்கம் கழட்டிப் பார்த்துடறேன். காசெல்லாம் வேண்டாம்."

அலுவலக அம்மா பதறி எழுந்தாள். "தொட்டுடாதீங்க. அதைச் சரி பண்ணியாச்சு."

"யாரு பண்ணினது?"

"மடல்ல வந்துச்சு. 'பிள்ளைகள் குளிர்ந்த நீர் அருந்தி மகிழ்கிறார்கள்'னு படத்தோட. இப்ப நீங்க போய்ப் பிரிச்சா கெட்டிருந்த மாதிரி ஆயிடும்ல?"

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். உயரமான மனிதர். மடலில் இருந்த அதே சிரிப்பு முகத்திலும் இருந்தது. அதைக் கழற்றி வைக்கும் வழி அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

"வாங்க, வாங்க. எந்த ஊருக்குப் போறீங்க?"

"எங்கயும் போகல சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். பொண்ணு போட்டியில விடை கொடுத்தான்னு டீச்சர் எழுதியிருக்காங்க. அது விடை பெறுகிறான்னு மாறி வந்துடுச்சு."

"மாறி வரல. நான்தான் மாத்தினேன்." தலைமையாசிரியர் அவரை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாருங்க. ஒரு சின்னக் குழந்தை ஒரு பள்ளிக்கு விடை கொடுக்க முடியுமா? பள்ளிதான் குழந்தைக்கு விடை கொடுக்கும். குழந்தை அதைப் பெறும். அதானே மரியாதை? டீச்சர் அவசரத்துல எழுதிட்டாங்க. நான் திருத்தினேன். ஒரு வரியா இருந்ததை ஒரு பக்கமா ஆக்கினேன். எழுதும்போது எனக்கே தொண்டை அடைச்சுக்கிச்சு."

"அவ கேள்விக்குப் பதில் சொன்னதைத்தான் சார் விடைன்னு எழுதியிருக்காங்க."

"கேள்விக்கா?" தலைமையாசிரியர் யோசித்தார். அப்படியும் ஒரு பொருள் இருக்கக்கூடும் என்கிற நினைப்பு அவர் முகத்தில் வந்து, உட்கார இடம் கிடைக்காமல் போய்விட்டது. "இருக்கலாம். ஆனா இதைப் படிச்சிட்டு எத்தனை வீட்டுல அழுதிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தீங்களா? அந்தக் கண்ணீருக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?"

"ஒரு சின்னத் திருத்தம் போட்டுட்டா போதும் சார்."

"இத்தனை வருஷத்துல இந்த மடல்ல திருத்தம்னு ஒண்ணு வந்ததில்ல. ஏன் தெரியுமா? தப்பு வந்ததில்ல. தப்பு வந்ததில்லன்னு எப்படித் தெரியும்? திருத்தம் வந்ததில்லயே." இதைச் சொல்லிவிட்டு அவர் சற்று நிறுத்தி, தான் சொன்னதைத் தானே ரசித்தார். "உங்க ஒருத்தர் வசதிக்காக, இந்த மடலை நம்பியிருக்கற மத்த பிள்ளைகளை நான் ஏமாத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

ஓடாத மெஷினை ஓடவில்லை என்று வாடிக்கையாளரிடம் காட்ட மெக்கானிக்குக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். இங்கே எதைக் கழற்றுவது என்று புரியவில்லை. "நாங்க எங்கயும் போகல சார்," என்று மறுபடியும் சொன்னார்.

"அந்தப் பாசம் எனக்குப் புரியுது," என்று அவர் தோளைத் தட்டிக் கதவு வரை கொண்டுவந்து விட்டார் தலைமையாசிரியர். "வெள்ளிக்கிழமை கைக்குட்டை எடுத்துட்டு வாங்க."

அந்த வாரம் பள்ளியில் வேலை மும்முரமாக நடந்தது. பட்டாணியின் நூலகப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வருகைப் பதிவில் அவள் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார்கள். ஜன்னலோரம் இருந்த அவள் இடத்தை, வெகு நாளாக அதற்கு ஆசைப்பட்ட ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டு, இவளைக் கடைசி வரிசையில் விருந்தாளி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விழாவுக்குப் பிரிவுப் பாட்டு ஒன்று பழக்கினார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று பட்டாணியையே முதல் வரி பாட விட்டார்கள். 'எங்கே போனாயோ எங்கள் தோழியே' என்று அவள் வீட்டிலும் பாடிக்கொண்டு திரிந்தாள்.

மாடி வீட்டு அம்மாவின் பேரனும் அதே பள்ளி. அந்த அம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்று, "போறப்ப இந்த மூணு சக்கர சைக்கிளை எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல? எங்க பையனுக்குக் கொடுத்துட்டுப் போங்களேன்," என்றாள்.

"நாங்க போகலக்கா," என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"கொடுக்க மனசில்லன்னா கொடுக்க மனசில்லன்னு சொல்லுங்க. பொய் எதுக்கு? மடல்ல வந்திருக்கே."

அன்றிலிருந்து அந்த அம்மா படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விழாவுக்குப் போகவே வேண்டாம் என்றுதான் முதலில் பேசினார்கள். போகாவிட்டாலும் போனதாக மடலில் வரத்தானே போகிறது, நேரில் போனால் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைக்கும் என்றாள் மனைவி. மெக்கானிக் வாழ்க்கையில் மைக்கைத் தொட்டதில்லை. போகும் வழியெல்லாம், "நாங்க எங்கயும் போகல, நாங்க எங்கயும் போகல," என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பட்டாணிக்குக் காகிதக் கிரீடம் வைத்து நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் எழுந்து பேசினார்.

"ஒரு பள்ளியின் பெருமை அதில் படிப்பவர்களால் தெரிவதில்லை. அதை விட்டுப் போனவர்களால்தான் தெரியும். அந்த வகையில், போன ஆண்டைவிட இந்த ஆண்டு நம் பள்ளியை விட்டுப் போனவர்கள் இரண்டு மடங்கு என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இதற்காக நானும் என் ஆசிரியர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. இதே வேகத்தில் உழைத்தால், இந்தக் கட்டடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லாத நாளையும் நாம் பார்க்கலாம். அன்றைக்கும் மடல் வரும் என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. பிறகு தந்தையைப் பேச அழைத்தார்கள். மெக்கானிக் மைக்கின் முன்னால் போய் நின்றார். மனைவி முன் வரிசையிலிருந்து, சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"நாங்க எங்கயும் போகல," என்றார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இங்கயேதான் இருக்கோம். அதே வீடு. பொண்ணு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வருவா."

மண்டபத்தில் ஒரு விசும்பல் கேட்டது. அப்புறம் இன்னொன்று. பின் வரிசையில் யாரோ எழுந்து நின்று கைதட்ட, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, மைக்கில், "கேட்டீர்களா? உடல்தான் போகிறது. மனம் இங்கேயே இருக்கும் என்கிறார். இதைவிட ஒரு தகப்பன் என்ன சொல்ல முடியும்?" என்றார். மெக்கானிக் வாயைத் திறந்தார். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. முதல் வரியைப் பட்டாணி பாடினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கத்துக்கு மாறாக வாயடைத்து நடந்தாள். தெருமுனை வந்ததும் கேட்டாள்.

"அப்பா, நாம எந்த ஊருக்குப் போறோம்?"

"எங்கயும் போகலடா கண்ணு."

"அப்ப ஏன் எல்லாரும் என்னைப் போகச் சொல்றாங்க?"

அவள் இன்னும் கொஞ்ச தூரம் போய், "நான் விடை கொடுக்காம இருந்திருந்தா என்னை அனுப்பியிருக்க மாட்டாங்க, இல்லப்பா?" என்றாள்.

அப்படியெல்லாம் இல்லை என்று மெக்கானிக் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தபோது, அது உண்மைதானே என்று தோன்றிவிட்டது. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை வாசல் காவலாளி பட்டாணியைத் தடுத்தார். நல்ல மனிதர்தான், தினமும் அவளுக்கு வணக்கம் வைப்பவர். "என்ன பாப்பா, ஊரிலிருந்து பார்க்க வந்தியா? உள்ள விடக்கூடாதும்மா. வெளியாளுங்களுக்கு மாலையிலதான் நேரம்," என்றார். வாசலுக்கு உள்ளே அறிவிப்புப் பலகையில் பட்டாணியின் புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒட்டி, 'என்றும் நம் நினைவில்' என்று எழுதியிருந்தார்கள்.

அதைப் பார்த்த மனைவி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு முன்னாடி நிக்கற பிள்ளைக்கு இப்படி எழுதி வச்சிருக்காங்களே. இவங்க நல்லா இருப்பாங்களா?" என்று அழுதாள். அழுத கையோடு எழுந்து, அங்கிருந்தே மருந்துக் கடைக்கு நடந்தாள். அன்றைய மடலில், தாய் கதறி அழுததாக ஏற்கெனவே வந்திருந்தது. மெக்கானிக்கின் மேடைப் பேச்சு ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அதில் கடலும் தோணியும் வந்தன.

வேறு பள்ளிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். அங்கே கேட்டுப் பார்த்ததில், வருஷத்தின் நடுவில் சேர்ப்பதில்லை என்றார்கள். பட்டாணி அந்த வாரம் முழுக்க அவரோடு ரிப்பேர் வேலைக்கு வந்து, வாடிக்கையாளர் வீடுகளில் ஸ்குரூக்களை எண்ணிக் கொடுத்தாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு டீச்சர்தான் தொலைபேசியில் மெல்லிய குரலில் ஒரு வழி சொன்னாள். "அண்ணே, விட்டுப் போன பிள்ளையைத் திரும்பக் கூப்பிட முடியாது. புதுசா ஒரு பிள்ளையைச் சேர்க்கலாம். இடம் ஒண்ணு காலியா இருக்குன்னு நாளைய மடல்ல வருது."

"எந்த இடம்?"

"உங்க பொண்ணு இடம்தான்."

அப்படியாக மெக்கானிக் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அந்த ஓடாத கூலருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க, வாங்க. புதுசா வந்தவங்களை அன்போட வரவேற்கறது எங்க வழக்கம். குழந்தை இதுக்கு முன்னாடி எந்தப் பள்ளியில படிச்சா?"

"இதே பள்ளிதான் சார்."

"நல்ல பள்ளியாச்சே. ஏன் விட்டீங்க?"

மெக்கானிக் மகளை முன்னால் நிறுத்தினார். "சார், உங்களுக்குத் தெரியும். பொது அறிவுப் போட்டியில எல்லாத்துக்கும் விடை கொடுத்தவ இவதான்."

"அந்தப் பிள்ளை போயிடுச்சேங்க," என்றார் தலைமையாசிரியர். அவர் குரலில் நிஜமாகவே துக்கம் இருந்தது. "என்ன அருமையான பிள்ளை. அது மாதிரி இன்னொண்ணு வரணுமே." பிறகு பட்டாணியைப் பார்த்துக் குனிந்தார். "நீ அழாத பாப்பா. எல்லாரும் அப்படி இருக்க முடியுமா? சும்மா ரெண்டு கேள்வி கேட்கறேன். தெரிஞ்சதைச் சொல்லு. நல்லாச் சொன்னா ரெண்டாம் வகுப்புலயே சேர்த்துக்கலாம்."

மெக்கானிக்குக்கு மூச்சு வந்தது. கேள்விதானே. கேள்வியென்று வந்துவிட்டால் பட்டாணியை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"எட்டும் ஏழும் எவ்வளவு?"

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள்.

"சூரியன் எந்தப் பக்கம் உதிக்குது?"

"தெரியாது."

"பட்டாணி," என்றார் மெக்கானிக். "உனக்குத் தெரியும்ல? சொல்லும்மா."

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள். "விடை கொடுத்தா மறுபடியும் அனுப்பிடுவாங்கப்பா."

அவர் முகத்தைக் கண்டு, பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று தகப்பன் நொந்துபோனதாகத் தலைமையாசிரியர் நினைத்துக்கொண்டார். "மனசைத் தளர விடாதீங்க. ஒண்ணும் தெரியாத பிள்ளைதான் ஒரு பள்ளிக்குச் சொத்து. எல்லாம் தெரிஞ்ச பிள்ளையை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? ஒண்ணாம் வகுப்புல சேர்த்துக்கறேன். நாங்க உருவாக்கிக் காட்டறோம்," என்றார். அலுவலக அம்மா கேமராவோடு வந்து, கூலருக்குப் பக்கத்தில் பட்டாணியை நிறுத்தி, கையில் டம்ளரைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை மடலில் அந்தப் படம் வந்தது. 'எதுவும் அறியாமல் வந்த சின்னஞ்சிறு தளிர், குளிர்ந்த நீர் அருந்தி மகிழ்கிறது.' மறு பக்கத்தில், வரும் வாரம் புதிய மாணவியை வரவேற்கும் விழா என்றும், பெற்றோர் தவறாமல் வந்து பூரிக்கவேண்டும் என்றும் போட்டிருந்தது.

அன்று மாலை மெக்கானிக் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவளை அழைத்துவரப் போனார். ஒன்றாம் வகுப்பு வரிசையில், எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக அவள் வந்தாள். பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் நடந்தாள். பள்ளியின் மதில் முடிந்து, தெருமுனை திரும்பி, சீருடை போட்ட பிள்ளை ஒன்றுகூடக் கண்ணில் படாத இடம் வந்ததும் நின்றாள். அவர் கையைப் பிடித்துக் குனிய வைத்தாள்.

"பதினஞ்சுப்பா," என்றாள். "கிழக்கு."

மெக்கானிக்குக்கு அவளை அள்ளிக் கொஞ்சவேண்டும் போல இருந்தது. அதற்கு முன்னால் அவர் திரும்பி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று தெருவைப் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லும்மா," என்றார்.